வீடும் கட்டடமும் படமெடுக்க: சென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர், பில்டர், அப்புறம் இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள், எல்லோரும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிட வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

கல்யாணம் எடுக்கிறவரே எங்கள் சைட்டையும் எடுத்துவிட மாட்டாரா?

எடுக்கலாம். நானே மண்டபத்திலிருந்து வந்தவன்தான். ஆனால் வேலை வேறு. அங்கே தாலி கட்டுகிற அந்த மூன்று விநாடிக்காக முண்டியடித்து ஓட வேண்டும். இங்கே எதுவும் ஓடாது, வெளிச்சம் மட்டும்தான் நகரும், அது சோபாவின் கைப்பிடிக்கு வந்து சேரும் வரை ட்ரைபாட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காலை 7 மணிக்கு ஆரம்பித்து இருட்டும் வரை நின்றாலும் நான் கொடுப்பது 12 படம், மிஞ்சிப்போனால் 15. "ஒரு நாள் முழுக்க வந்து 12 படம்தானா சார்?" என்று முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. நாற்காலியை இரண்டு அங்குலம் தள்ளி, திரைச்சீலை மடிப்பைச் சரி செய்து, மறுபடி வந்து ஸ்கிரீனைப் பார்த்து, மறுபடி போய் அந்த நாற்காலியையே பழைய இடத்துக்குத் தள்ளி... ஒரு கோணத்துக்கு 40 நிமிடம் சாதாரணமாகப் போகும்.

யார் கேட்டாலும் வீடு ஒன்றுதானே? படம் மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்?

என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழிலே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வேளச்சேரியில் ஒரு மூன்று பெட்ரூம் ஃபிளாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஹால். வாடகைக்கு விடுகிற புரோக்கருக்கு ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும், மூலையில் போய் நின்று வைடாக ஒன்று எடுத்தால் அவருக்குப் போதும். இன்டீரியர் டிசைனருக்கு டிவி பேனலின் தேக்கு வெனீரும் ஃபால்ஸ் சீலிங்கின் ஓரமும் சந்திக்கிற அந்தக் கோடு தெரிய வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு கோட்டுக்காகத்தான் கார்பென்டரோடு மூன்று வாரம் சண்டை போட்டிருப்பார். லைட்டிங் கன்சல்டன்டுக்கு சாயங்காலம் 6 மணிக்கு மேல் எடுத்தால்தான் அர்த்தம். டைல் கம்பெனிக்குத் தரை. சோபா விற்றவருக்கு சோபா. ஒரே படத்தில் இத்தனை பேரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் யாருக்கும் உதவாத ஒரு படம் வரும், அதை வேண்டுமானால் காலண்டரில் போடலாம்.

அதனால் ஷூட்டுக்கு முன்னால் கேமரா இல்லாமல் ஒரு முறை சைட்டுக்கு வருவேன், வந்ததும் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த வீட்டில் எதை முடிவு பண்ண உங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு?" பெசன்ட் நகரில் ஒரு ஆர்க்கிடெக்ட் படிக்கட்டைக் காட்டினார். மெட்டல் படிக்கட்டு, பார்க்க அம்சமாக இருந்தது, கீழேயிருந்து அண்ணாந்து எடுக்கலாம் என்று மனசுக்குள் ஃபிரேமே போட்டுவிட்டேன். அவர் சொன்னது வேறு. நடுவில் லேண்டிங்கில் ஒரு ஜன்னல், தரையிலிருந்து ஒன்றரை அடியிலேயே தொடங்குகிறது. வீட்டுக்காரரின் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறும்போது பாதியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கட்டும் என்று அவ்வளவு தாழ்வாக வைத்தாராம். கேமராவை அந்த அம்மாவின் கண் உயரத்துக்கு இறக்கி, தெருமுனையில் நின்ற வேப்பமரம் தெரிகிற மாதிரி எடுத்தோம். படிக்கட்டு பாதிதான் வந்தது. அவர் அலுவலகச் சுவரில் இப்போது மாட்டியிருப்பது அதுதான்.

ரூமைக் கொஞ்சம் பெரிதாகக் காட்ட முடியுமா?

முடியும், செய்ய மாட்டேன். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 16 எம்எம் வைடு லென்ஸ் போட்டால் 10க்கு 11 பெட்ரூம் கூட மினி ஹால் மாதிரி விரியும், ஆனால் ஓரத்தில் இருக்கிற சைடு டேபிள் இழுத்து வைத்த சப்பாத்தி மாவு மாதிரி ஆகிவிடும். டிசைனர் அளவெடுத்து வரைந்த விகிதம் போச்சு. அறைகளுக்கு நான் அதிகம் பயன்படுத்துவது 24 முதல் 35 எம்எம். இடம் பத்தவில்லை என்றால் கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்வேன், பாத்ரூமில் மட்டும் வேறு வழியில்லாமல் 17 வரை இறங்குவது உண்டு.

என் படத்தில் சுவர் எல்லாம் சாய்கிறதே, ஏன்?

கேமராவை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அண்ணா சாலையில் எல்ஐசி கட்டடத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் நின்று போனைத் தூக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள், 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமாக இருந்த கட்டடம் மல்லாக்க விழப்போகிற மாதிரி தெரியும். சென்சார் தரைக்குச் செங்குத்தாக இருந்தால்தான் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே விழும், கொஞ்சம் மேலே சாய்த்தாலும் மேல்பக்கம் கூம்பிக்கொண்டு போகும்.

கேமராவை மட்டமாக வைத்தால் கோடு நேராகிவிடும், ஆனால் உச்சி வெட்டுப்பட்டு பாதிப் படம் ரோடாக இருக்கும். இதற்காகத்தான் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்: கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவது. விலை அதிகம், என்னிடம் இருக்கிற 24 எம்எம்மில் ஃபோகஸும் கையால்தான், ஆனால் கட்டடம் எடுக்கிறவருக்கு அது கார்பென்டருக்கு மட்டப்பலகை மாதிரி. வாங்க முடியாதவர்கள் சுற்றிலும் இடம் விட்டு எடுத்து லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் நிமிர்த்தலாம், கொஞ்சம் தரம் போகும், பரவாயில்லை.

உள்ளே எடுக்கும்போது கேமரா உயரமும் முக்கியம். நின்ற கண் உயரத்திலேயே எல்லாவற்றையும் எடுத்தால் மேஜைப் பரப்பும் தரையும்தான் நிறைய தெரியும். நான் ஏறக்குறைய 4 அடியில் வைப்பேன், பெட்ரூமில் இன்னும் கீழே. கிச்சனில் மட்டும் மேடையின் மேல்பரப்பு லேசாகத் தெரிகிற அளவுக்கு ஏற்றுவேன்.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

இதற்கு வெளிநாட்டு யூடியூபைப் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். சென்னை இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் மதியம் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும், சன்ஷேடின் நிழல் சுவர் முழுக்கக் கறுப்பாக வழியும், அப்போது எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்பு, எடுப்பதற்குப் பதில் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடலாம். அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் மதிய சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்த வீடு இங்கே ஏராளம், அந்த முகப்பில் மதியத்தை ஒட்டிக்கூட வெயில் விழுவது அந்த மாதங்களில்தான், மார்கழியில் போய் நின்றால் நாள் முழுக்க நிழல்தான். தெற்கு பார்த்த வீட்டுக்கு நேர் எதிர்: டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்வாகப் போவதால் வெயில் ஹாலுக்குள் வெகுதூரம் வந்து தரையில் கிடக்கும், ரெட் ஆக்சைடு தரையாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிழக்கு பார்த்த வீடு என்றால், ஈசிஆரில் கடலைப் பார்த்தவை எல்லாம் அப்படித்தான், காலை 6.15-லிருந்து 8-க்குள் முடித்துவிட வேண்டும். கடற்கரை ஓரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை லென்ஸைத் துடையுங்கள், உப்புப் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் படிந்து படம் முழுக்கப் புகைமூட்டமாகிவிடும்.

சாயங்காலப் படம், அதாவது வானம் நீலமாகவும் வீட்டுக்குள் விளக்கு மஞ்சளாகவும் இருக்கிற அந்தப் படத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நம் ஊரில் இருட்டு சட்டென்று வந்துவிடும். சூரியன் மறைந்து பத்தாவது நிமிடத்திலிருந்து இருபத்தைந்தாவது நிமிடம் வரை, அவ்வளவுதான். சூரியன் மறைவது நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில், ஜூலையில் 6.40 வாக்கில். அந்தக் கால் மணி நேரத்தில் இரண்டு கோணம் எடுக்கலாம், மூன்றாவது பேராசை. அந்த நேரம் பார்த்து கரன்ட் போனது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது, ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது.

விளக்கெல்லாம் போட்டுவிட்டு எடுப்பதா, அணைத்துவிட்டா?

பகலில் முடிந்தவரை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில். இன்டீரியர் டிசைனர்களுக்கு இது முதலில் பிடிக்காது, "கோவ் லைட்டுக்கு அவ்வளவு செலவு பண்ணியிருக்கோம் சார்" என்பார்கள் (சீலிங் ஓரத்தில் மறைத்து வைக்கிற விளக்கு). காரணம் இதுதான்: பகல் வெளிச்சம் 5500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் ஏற ஏற நீலம்) பக்கம், வார்ம் எல்இடி 3000. இரண்டும் கலந்தால் வெள்ளைச் சுவரின் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு, நடுவில் இருக்கிற லேமினேட்டின் உண்மையான நிறத்தை எடிட்டிங்கில் கண்டுபிடிக்கவே முடியாது. விளக்கு தெரிய வேண்டிய படங்களை சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுவேன், அல்லது ட்ரைபாடை அசைக்காமல் விளக்கோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று எடுத்து அப்புறம் சேர்ப்பேன்.

இதைவிடப் பெரிய தலைவலி, ஒரே சீலிங்கில் இரண்டு நிற விளக்கு. எட்டு டவுன்லைட்டில் ஒன்று ஃபியூஸ் போயிருக்கும், எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த 6500 கெல்வினை மாட்டிவிட்டுப் போயிருப்பார், கண்ணுக்குப் பழகிவிடும், கேமராவுக்குப் பழகாது. ஷூட்டுக்கு முந்தின நாள் எல்லா விளக்கையும் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

கையில் பிடித்து வேகமான ஷட்டரில் எடுத்தால் சில எல்இடிகளில் படம் முழுக்க வரி வரியாக விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான டிரைவர் (எல்இடிக்கு மின்சாரம் கொடுக்கிற சர்க்யூட்) போட்ட விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ட்ரைபாடில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, அரை விநாடி என்று வைத்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெளுத்துப்போவதற்கு, வெளிக்காட்சிக்குத் தனியாக இருட்டாக ஒன்று எடுத்துக் கையால் சேர்ப்பேன். கேமராவே பல வெளிச்சத்தில் எடுத்துச் சேர்க்கிற எச்டிஆர் பட்டனை அழுத்தி வருகிற அந்தச் சாம்பல் நிறச் சுவர் எனக்கு ஆகாது.

ஷூட்டுக்கு முன்னால் நாங்கள் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?

வீட்டைத் துடைத்து வையுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லாமல் விட்டால் மறந்துபோவதை மட்டும் சொல்கிறேன்.

கொசுவலை. ஜன்னல் வழியாக வெளியே மரமோ கடலோ தெரிய வேண்டும் என்றால் வலையைக் கழற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளிக்காட்சி மங்கலாகிவிடும். சிலது ஸ்க்ரூ போட்டு அடித்திருக்கும், முந்தின நாளே கழற்றச் சொல்லுங்கள். ஃபேன் ஓடக் கூடாது. அரை விநாடி எக்ஸ்போஷரில் அது ஒரு வெள்ளைத் தட்டாக மாறிவிடும். நிறுத்திய பிறகு றெக்கை ஏறுக்குமாறாக நிற்கும், நானே ஒரு குச்சியால் தள்ளிச் சரி செய்வேன், சிரிக்காதீர்கள். ஏசி போடலாம். டாய்லெட் சீட் மூடி, குப்பைக்கூடை, மாப், கிச்சனில் எண்ணெய்த் தூக்கு, ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய காந்தங்கள், மோடத்தின் பச்சை விளக்கு, சோபாவுக்குப் பின்னால் தொங்குகிற சார்ஜர் வயர். வீட்டுக்காரர் குடியிருக்கிற வீடாக இருந்தால் குழந்தைகள் படம், நேம் போர்டு, கார் நம்பர் இதெல்லாம் படத்தில் வரலாமா என்று அவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பூஜை அறையை அவர் சரி என்றால் மட்டும் எடுப்பேன், செருப்பில்லாமல்.

அப்புறம் அபார்ட்மென்ட் அசோசியேஷன். சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் கூடாது, சில இடங்களில் பெரிய பெட்டியைப் பார்த்தாலே ஷூட்டிங் என்று நினைத்து செக்ரட்டரியைக் கூப்பிடுவார்கள். ஓஎம்ஆரில் ஒரு கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன், அன்றைய காலை வெளிச்சம் அங்கேயே போய்விட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் எடுப்பதா, பின்னால் எடுப்பதா?

டிசைனருக்கு என்றால், கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் எடுத்தால் சுத்தமான படம், ஆனால் வீடு ஷோரூம் மாதிரி இருக்கும். ஆர்க்கிடெக்ட்டுகளிடம் நான் சொல்வது, குடிவந்து இரண்டு மூன்று மாதம் கழித்து எடுங்கள், திண்ணையில் ஒரு செய்தித்தாளும் முற்றத்தில் வளர ஆரம்பித்த செடியும் வந்திருக்கும். மறுநாளே மட்டும் வேண்டாம். ஹோமப் புகை படிந்த சீலிங், சுவரில் மஞ்சள் கைத்தடம், வாடிய மாவிலை, பால் பொங்கி வழிந்த புது இண்டக்ஷன் அடுப்பு, இதையெல்லாம் துடைக்கவே ஒரு வாரம் ஆகும்.

வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காயைக் கழற்றச் சொல்ல மாட்டேன். ஒரு முறை உதவியாளர் கை வைக்கப்போக, பாட்டி ஒருவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எதிரில் இருக்கிற கரன்ட் வயர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எடிட்டிங்கில் எடுத்துவிடலாமா?

படம் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. ஆர்க்கிடெக்ட்டின் போர்ட்ஃபோலியோ என்றால் குறுக்கே ஓடுகிற கேபிள் வயர், சுவரில் ஒட்டிய போஸ்டர், வண்டி எல்லாம் எடுத்துவிடுவேன், அவை நாளைக்கே மாறக்கூடியவை. சிந்தெக்ஸ் டேங்க்கும் ஏசி அவுட்டோர் யூனிட்டும் கட்டடத்தின் பகுதி, அவற்றை மறைக்க இடம் யோசிக்காதது டிசைன் பிரச்சினை, அதை நான் அழிப்பது சரியில்லை. (கெஞ்சினால் ஒன்றிரண்டு அழித்திருக்கிறேன்.)

பில்டர் விளம்பரம் என்றால் கண்டிப்பாக முடியாது. 2016 ரெரா (ரியல் எஸ்டேட்) சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் ஈடு செய்ய வேண்டும். பக்கத்தில் ஓடுகிற சாக்கடையைப் புல்வெளியாக்கிக் கொடுத்தால் மாட்டுவது நீங்கள்தான் சார். வெளுத்த ஏப்ரல் வானத்துக்குப் பதில் மேகம் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது, நிழல் ஒரு பக்கம் விழ, வானத்து வெளிச்சம் இன்னொரு பக்கமிருந்து வரும், பார்க்கிறவர்களுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும்.

ட்ரோன்?

ஒவ்வொரு இடத்துக்கும் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். 2021 ட்ரோன் விதிகளில் பச்சை மண்டலம் என்றால் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம், ஆனால் சென்னையில் மீனம்பாக்கம் ஏர்போர்ட், தாம்பரம் விமானப்படைத் தளம், கடற்கரையோரக் கடற்படை, ராணுவ இடங்கள் என்று நகரின் பெரும்பகுதி அப்படி லேசில் கிடைக்காது. 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். பல நேரம் எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றாலே உங்களுக்கு வேண்டிய படம் கிடைத்துவிடும், காபியும் கிடைக்கும்.

காசு கொடுத்து எடுத்த படம் எங்களுடையதுதானே?

1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் புகைப்படத்தின் முதல் உரிமையாளர். பல போட்டோகிராபர்கள் இதைத் தலைகீழாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் சில வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு டிசைனருக்கு எடுத்த கிச்சன் படம் ஒரு ஹார்ட்வேர் பிராண்டின் கேட்லாகில் வந்தபோது கோபமாகப் போன் செய்து, அப்புறம் வக்கீல் நண்பர் சொல்லித்தான் தெரிந்தது, எழுத்தில் எதுவும் இல்லாததால் எனக்குப் பேச ஒன்றுமில்லை என்று.

அதற்குப் பிறகு எல்லாம் எழுத்தில்தான். பதிப்புரிமை என்னிடம் இருக்கும், உங்கள் வெப்சைட், இன்ஸ்டாகிராம், விருதுக்கு அனுப்புவது, பத்திரிகை எல்லாவற்றுக்கும் நீங்கள் பயன்படுத்தலாம். உங்களோடு வேலை செய்த லைட் கம்பெனிக்கும் மாடுலர் கிச்சன்காரருக்கும் வேண்டும் என்றால் ஷூட்டுக்கு முன்னாலேயே சொல்லுங்கள், செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், எல்லோருக்கும் லாபம். அந்த அனுமதியின் கால அளவைக் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருஷம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொருவர் டிசைன் செய்த கட்டடத்தைப் படமெடுப்பது தப்பா என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். கட்டடக்கலைப் படைப்பைப் புகைப்படம் எடுப்பது மீறல் ஆகாது என்று அதே சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. உள்ளே நுழைய அனுமதி வேண்டுமா என்பது வேறு விஷயம்.

ரேட் என்ன? ஏன் இங்கே போடவில்லை?

சைட்டைப் பார்க்காமல் சொன்னால் இரண்டு பேரில் ஒருவருக்கு நஷ்டம். அரை நாள் அல்லது முழு நாள் கட்டணம், படத்துக்கு இவ்வளவு என்று எடிட்டிங், உதவியாளர், வெளியூர் என்றால் போக்குவரத்து, இப்படித் தனித்தனியாக எழுதித் தருவேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பாதி அட்வான்ஸ், மீதி வந்த பிறகு பெரிய ஃபைல்கள். "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்பவர்களுக்கு, என் கேமராவிலேயே அது இருக்கிறது.

போனில் எடுத்தால் போதாதா?

தினமும் சைட் முன்னேற்றத்தைப் போட போன் போதும், நன்றாகவே வரும். பத்திரிகையில் முழுப் பக்கம் என்றால் போதாது.

புதிதாக வருகிறவர் எதை வாங்க வேண்டும்?

முதலில் நல்ல ட்ரைபாட், கியர்டு ஹெட்டோடு (திருகைத் திருப்பிக் கேமராவை இம்மியளவு நகர்த்துகிற தலைப்பகுதி). கேமரா பழையதாகவே இருக்கட்டும். அடுத்து டிரை கேபினட், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கிற மாதிரி. சென்னைப் புழுக்கத்தில் பீரோவில் துணிக்கு நடுவே வைத்த லென்ஸில் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஏசி காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், அரை மணி நேரம் மூடியே வைத்திருங்கள்.

பழக இடம் கேட்கிறார்கள். ரிப்பன் மாளிகையைச் சாலையிலிருந்து எடுத்துப் பாருங்கள், 1913-ல் கட்டி முடித்த வெள்ளைக் கட்டடம், கேமரா சொல்கிற எக்ஸ்போஷரை நம்பினால் சாம்பலாகத்தான் வரும், அங்கேயே ஒரு பாடம். சேப்பாக்கத்தில் செனட் ஹவுஸ், 1870-களில் ராபர்ட் சிஷோம் கட்டியது, கடற்கரைக்குப் பக்கம் என்பதால் காலை வெயில் தடையில்லாமல் வரும், கோபுரங்களின் வண்ண வேலைப்பாடு அப்போதுதான் எழும்பித் தெரியும். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையும் முற்றத்து வெளிச்சத்தையும் ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும், கேட்காமல் விரிக்காதீர்கள்.

மழை வந்துவிட்டால்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேதி கொடுக்கும்போதே ஒரு மாற்று நாளும் சேர்த்து வைப்பேன், அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. உள்ளே எடுக்கிற வேலை மழையிலும் நடக்கும், மேகமூட்டத்தில் ஜன்னல் வெளிச்சம் பஞ்சு மாதிரி இருக்கும், சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கும். மழை விட்ட சாயங்காலம் ஈரத் தரையில் வீட்டு விளக்கு பிரதிபலிக்கிற படம் கிடைத்தால் அதிர்ஷ்டம். தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால் மட்டும் தள்ளிவைப்போம். முந்தின நாள் மாலை 6 மணிக்கு நானே போன் செய்கிறேன், அதற்குள் வாட்ச்மேனிடம் சர்வீஸ் லிஃப்ட் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.